ஒல்லாந்தர் காலத்துச் சுமைதாங்கி

அந்தக் கல்லை ஒல்லாந்தர் காலத்துக்கு அனுப்பிவைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்டும்போது எனக்கு வசதியாக இருக்கும்.

போன வருடம் தை மாதம் எங்கள் பாடசாலைக்கு ‘வேர்த்தடம்’ என்று ஒரு திட்டம் வந்தது. கொழும்பில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டம். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துப் படித்தது போதும், தாங்கள் வாழும் இடத்தைப் பார்த்தும் படிக்கட்டும். அதற்காக ஒவ்வொரு பாடசாலையும் தன் அயலில் உள்ள ஒரு மரபுரிமைச் சின்னத்தோடோ இயற்கைத் தலத்தோடோ கூட்டுச் சேர வேண்டும். இதற்கு இடம்சார் கற்றல் என்று பெயர். நல்ல யோசனை. ஆனால் நல்ல யோசனை எதுவும் எங்களிடம் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு படிவமும் வரும். வில்லங்கம் அதில்தான் இருக்கும்.

பெயர்பெற்ற பாடசாலைகள் முந்திக்கொண்டன. ஒன்று பூநாரைகள் வந்திறங்கும் கடல்நீரேரியைப் பிடித்தது. இன்னொன்று கடலோரக் கண்டல் காட்டை எடுத்தது. திறப்பு விழாப் பந்தலுக்கு இடம் போதாது என்று அந்தக் கண்டலிலேயே பாதியை வெட்டித் துப்புரவாக்கியது. சாவகச்சேரி தாண்டி, பிரதான வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் இறங்கினால் வருகிற எங்கள் சின்ன வித்தியாலயத்துக்கு மிஞ்சியது ஒழுங்கை முகப்பில் நின்ற ஒரு சுமைதாங்கிதான்.

சுமைதாங்கியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தூண்கள், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல், மொத்தம் ஓர் ஆளின் தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கை கொடுக்காமலே சுமையை அதில் இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போகலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவளுடைய ஆட்கள் கட்டிவைப்பது அது. வழியில் போகிறவர் ஒவ்வொருவரும் சுமை இறக்கும்போது அவளுடைய சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை முழுக்க விளக்கியிருக்கிறேன். அந்தக் கல் எந்தப் பெண்ணுக்காக என்று மட்டும் நான் கேட்டதில்லை, என்னையும் ஒருவரும் கேட்டதில்லை.

படிவம் கணினியில் நிரப்புவது. ‘சின்னத்தின் காலம்’ என்ற இடத்தைத் தட்டினால் நான்கு விடைகள் கீழே விழும்: யாழ்ப்பாண இராச்சியம், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர். ‘தெரியாது’ என்று ஐந்தாவது விடை இல்லை. அப்படிச் சொல்லக்கூடிய ஆசிரியர் இருப்பார் என்று திட்டம் எதிர்பார்க்கவில்லை போலும். யாழ்ப்பாண இராச்சியம் என்றால் ஆதாரம் கேட்டு யாராவது பேப்பரில் எழுதுவார்கள். போர்த்துக்கேயர் கோயில் இடித்தவர்கள், அவர்கள் காலத்தில் கல் நட்டார்கள் என்றால் ஊர் முகம் சுளிக்கும். ஆங்கிலேயர் நேற்றுப் போனவர்கள், மரபுரிமைக்குக் காணாது. ஒல்லாந்தரோடு இங்கே ஒருவருக்கும் கோபம் இல்லை. தட்டிவிட்டேன். மருதனார்மடத்தில் இருக்கிற என் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், முதல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதும் ஒரு காரணம். நான் அந்தப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம். பதவி வரலாற்று ஆசிரியை.

மாசியில் திட்டப் பணிப்பாளர் சிவரூபன் கொழும்பிலிருந்து கல்லைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், கதைத்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், நிறுத்தவும் மாட்டார். கல்லைச் சுற்றி மூன்று தரம் வந்தார். இடது தூணில், இடுப்பு உயரத்தில், விளிம்பு சிதைந்த ஒரு துளை இருந்தது. அதற்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, இது ஒல்லாந்தத் தபால்காரர் குதிரையைக் கட்டிய துளை என்று அறிவித்தார். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். அதிபர் தேவராஜா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ஷெல் துண்டு பட்ட துளை எப்படி இருக்கும் என்று தெரியாதவர் அந்த இடத்தில் அவர் ஒருவர்தான். இரண்டாயிரமாம் ஆண்டு சாவகச்சேரி தரைமட்டமானபோது தென்மராட்சியில் துளைபடாமல் தப்பிய சுவர் எத்தனை? எங்கள் பாடசாலை மண்டபத்துத் தூணிலேயே அதன் உடன்பிறப்புகள் நான்கு இருக்கின்றன. ஆனால் விருந்தினர் குதிரை என்கிறார். குதிரை கௌரவமானது. குதிரையே இருக்கட்டும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

மதுரா என்று ஒரு மாணவி மட்டும் மூடவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் சீமெந்து இருந்ததா என்று கேட்டாள். பூச்சு உதிர்ந்த இடத்தைக் காட்டி, இது தங்கள் வீட்டு மதில் மாதிரியே இருக்கிறது என்றாள். பிற்காலத்தில் யாரோ திருத்தப் பூசியிருப்பார்கள் என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை சரியான கேள்வி கேட்டால் எங்களுக்கு வருகிற முதல் எண்ணம் அவளை உட்காரவைப்பதுதான்.

பிறகு கற்றல் தொடங்கியது. பிள்ளைகள் கல்லை அளந்தார்கள், வரைந்தார்கள், களிமண்ணில் செய்தார்கள், ஒல்லாந்தன் ஒருவன் சுமையோடு வந்து களைத்துப்போகும் நாடகம் போட்டார்கள். ‘சமூகத்திடம் கேட்போம்’ என்றும் ஒரு செயற்பாடு இருந்தது. யாரிடம் கேட்பது என்பதற்குக் கொழும்பிலிருந்து பட்டியல் வந்தது: ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி, ஒரு மதகுரு, ஒரு பெண் தலைவர். மூன்று பேரையும் வேனில் கூட்டிவந்தோம். மூவரும் ஒல்லாந்தர் காலம் பற்றி நன்றாகப் பேசினார்கள், ஏனென்றால் முதல் நாளே என் குறிப்பை அவர்களுக்குக் கொடுத்திருந்தேன். கல்லிலிருந்து பத்து அடி தூரத்தில், ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம், முப்பத்தைந்து வருடமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கும் தம்பிஐயா அண்ணையிடம் பிள்ளைகள் சோடாதான் வாங்கினார்கள்.

புரட்டாதியில் பழைய மாணவர்கள் தலையிட்டார்கள். கனடாவில் உள்ள சங்கம், கல்லுக்கு அடித்தளம் போட்டுத் தருகிறோம் என்றது. தூண்களின் அடியைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் கொங்கிறீற் போட்டு, மேலே மினுங்கும் கறுப்பு மாபிள் பதித்தார்கள். அதில் ‘அமரர் வேலுப்பிள்ளை பஞ்சலிங்கம், ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர், ஞாபகார்த்தமாக’ என்று பொன் எழுத்தில் வெட்டி, அவருடைய படத்தையும் பொறித்தார்கள். எங்கள் ஊரில் ஞாபகார்த்தம் இல்லாமல் தண்ணீர்க் குழாய்கூடத் திறக்காது. சுற்றிவர ஆளுயரக் கம்பிவேலி, ஒரு கேற், கேற்றுக்கு ஓர் ஆமைப்பூட்டு. திறப்புச் சாவி பொறுப்பாசிரியராகிய என்னிடம். வேலியில் ஒரு பலகை: ‘மரபுரிமைச் சின்னம். தொடாதீர்கள். பொருட்கள் வைக்காதீர்கள்.’

அதுவரை அந்தக் கல்லில் புல்லுக்கட்டு இறக்கிய பெண்கள் இருந்தார்கள். சந்தைக்குப் போகிற வாழைக்குலை இறங்கியது. மழைக்கால விறகு இறங்கியது. வேலி போட்ட அடுத்த நாள் ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு வந்து, கேற்றையும் பூட்டையும் பார்த்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இறக்காமலே போனதைக் கண்டேன். சுமைதாங்கியில் சுமை வைக்கக்கூடாது என்று பலகை போட்ட உலகத்தின் முதல் பாடசாலை எங்களுடையதாக இருக்க வேண்டும். இதற்கும் ஒரு சான்றிதழ் தருவார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு அதிக நாள் இருக்கவில்லை.

திறப்பு விழா ஒக்டோபர் முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை. நிறுவனத்தின் திட்ட ஆண்டு அன்றோடு முடிகிறது, அதனால் அந்தத் திகதி. விழாவுக்கு மூன்று நாள் முன்பு, இடைவேளை நேரம், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஆசிரியர் அறை வாசலில் நின்றார். வெள்ளைச் சேட்டு, கரை மடித்த சாரம், உப்புக்காற்றில் கறுத்த முகம். பெயர் ஏரம்பு, யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் மீன்பிடிக்கிறவர். கல்லுக்குப் பொறுப்பான ரீச்சர் யார் என்று கேட்டார். கேற்றை வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் திறந்துவிட முடியுமா என்றார். ஏன் என்று கேட்டேன்.

“அது நான் கட்டினது, பிள்ளை,” என்றார்.

கதிரை கொடுத்தேன், உட்காரவில்லை. நின்றபடியே, மீன் விலை சொல்கிற குரலில் சொன்னார். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி, யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தபோது அவரும் மனைவி பத்மாசினியும் நடந்தார்கள். அவளுக்கு எட்டு மாதம். அவர் தலையில் றங்குப்பெட்டி, அவள் கையில் அரிசிப் பை. தென்மராட்சிக்குள் வருகிற பாலம் தாண்டும்வரைக்கும் அடி வைக்க இடமில்லாத சனம், மழை. பை பாரமாக இருக்கிறது, எங்கேயாவது இறக்கிவைப்போம் என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். இறக்கினால் பின்னால் வருகிறவர்கள் மிதித்துவிடுவார்கள், கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று இவர் சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் காலை, எங்கள் ஒழுங்கை முகப்பில் அவள் உட்கார்ந்தாள். பிறகு எழும்பவில்லை. வாகனம் கிடைக்கவில்லை.

“இறக்கிவைக்க ஒரு இடம்தான் கேட்டவள். இடம் காட்டேலாமல் போச்சு. அதுதான் தொண்ணூத்தேழிலை வந்து கட்டினனான். மேசன் வேலை தெரிஞ்ச கூட்டாளி ஒருத்தன் கை குடுத்தவன். இடது தூணின்ரை அடியிலை, ஈரச் சீமெந்திலை, ஆணியாலை அவவின்ரை பேரை எழுதினனான். இப்ப அது மாபிளுக்குள்ளை போட்டுது. போனால் போகட்டும், பேரை அவவே வாசிக்கப்போறா? சனம் சாமான் வைக்கோணும், பிள்ளை. அதுக்குத்தான் அது. பூட்டிவைச்சால் அவவுக்குப் பாரம்.”

ஒவ்வொரு வருடமும் அவள் போன அந்த நாளில், ஒக்டோபர் முப்பத்தொன்றில், கொழும்புத்துறையிலிருந்து அரை மூட்டை அரிசியைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வருவாராம். வேறெங்கும் இறக்காமல் கொண்டுவந்து அந்தக் கல்லில் இறக்குவாராம். பிறகு அயலில் உள்ள இல்லாதப்பட்ட வீடுகளுக்கு அரிசியைக் கொடுத்துவிட்டுப் போவாராம். கடை தம்பிஐயாதான் போன் எடுத்து, கல்லைக் கூண்டுக்குள் போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

பத்து மாதமாக நான் அளக்கவைத்து, வரையவைத்து, நாடகம் போடவைத்த கல் இந்த மனிதருடைய வீட்டுச் சாவு. நேராகக் கடைக்குப் போனேன். இவ்வளவு நாளும் ஏன் அண்ணை சொல்லவில்லை என்று தம்பிஐயாவிடம் சண்டைக்குப் போவது போலக் கேட்டேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே, ரீச்சர். நீங்கள் படிப்பிக்கிற ஆக்கள். ஒல்லாந்தர் எண்டு மைக்கிலை சொல்லேக்கை, நான் பெட்டிக்கடைக்காரன் எழும்பிக் குறுக்கை கதைக்கிறதோ?”

அதிபரிடம் போனேன். தேவராஜா சேர் கெட்டவரல்ல. ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் தன் காலத்தில் நடந்தது என்று காட்ட ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அவ்வளவுதான். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். பேனையை மூடினார், திறந்தார். தானும் அந்தப் பாதையால்தான் வந்ததாக, அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். இனிச் சரி, மனிதர் இறங்கிவந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“ஆனால் ரீச்சர், முப்பது வருசக் கல்லை ஆர் பாக்க வருவினம்? அதோடை, அந்த இடம்பெயர்வுக் கதை இதுக்குள்ளை வந்தால் அரசியல் எண்டுவினம். மேலிடம் கேட்டால் நான் என்ன சொல்லுறது? போர்ட்டும் அடிச்சாச்சு.”

சரி, பெயரும் வேண்டாம் காலமும் வேண்டாம், கேற்றையாவது திறந்து விடுவோம் என்று கெஞ்சினேன். விழா முடியும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது, மாபிளில் கீறல் விழும் என்றார். திறப்பையும் என்னிடமிருந்து வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். முன்னூறு வருடத்துக்கு முந்திய துயரம் என்றால் அது மரபுரிமை, முப்பது வருடத்துத் துயரம் என்றால் அது அரசியல். இந்தக் கணக்கு வரலாறு படித்த எனக்கு அன்றுதான் விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை மழை இல்லை, மப்பு மட்டும். எட்டரை மணிக்குப் பந்தலில் பிள்ளைகளை இருத்திவிட்டு நிமிர்ந்தபோது ஏரம்பர் தம்பிஐயா கடைத் தாழ்வாரத்தில் நிற்பதைக் கண்டேன். இடது தோளில் அரிசி மூட்டை. கடை வாங்குப் பலகையில் இறக்கி வையுங்கள் என்று தம்பிஐயா கையைப் பிடித்து இழுத்தார். அவர் மாட்டேன் என்று தலையாட்டுவது எனக்குத் தெரிந்தது.

ஒன்பது மணி என்ற விழா பத்தரைக்குத் தொடங்கியது. பாண்ட் வாத்தியம், வரவேற்பு நடனம், மங்கல விளக்கு. விளக்கில் ஐந்து திரி, பிரமுகர்கள் ஒன்பது பேர். ஒரே திரியை இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். அதிபர் பேசினார். பழைய மாணவர் சங்கத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி பேசினார், அமரர் பஞ்சலிங்கம் ரயிலை ஒருநாளும் பிந்தவிடாதவர் என்றார். சிவரூபன் நாற்பது நிமிடம் பேசினார். மண் பேசுகிறது, கல் பேசுகிறது, நாம்தான் காதுகொடுத்துக் கேட்பதில்லை என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் எதிரே பார்த்தேன். மூட்டை வலது தோளுக்கு மாறியிருந்தது. சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. வாங்குப் பலகை பக்கத்திலேயே வெறுமையாகக் கிடந்தது. இந்தக் கிழவன் விழுந்து செத்தால் அதற்கு நான்தான் பொறுப்பு என்று நினைத்தேன்.

பிறகு கௌரவிப்பு. எங்கள் ஊரில் ஒருவரை மதிக்கிறோம் என்றால் அவர் தாங்கமாட்டாத அளவுக்கு மதிப்போம். அதிபர் ஒரு மாலை, பழைய மாணவர் ஒரு மாலை, பெற்றோர் சங்கம் ஒரு மாலை, விளையாட்டுக் கழகம் ஒரு மாலை. சிவரூபனின் மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் ஒரு பொன்னாடை. கையில் ஒரு கேடயம். சட்டம் போட்ட பெரிய படம், கல்லையும் குதிரையையும் எட்டாம் வகுப்பு வரைந்தது. மற்றக் கையில் ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான் ஒரு கூடை, ஒடியல் மா ஒரு பை, விழா மலர் இருபது பிரதி. அந்தக் கோலத்திலேயே அவரை நாடா வெட்டக் கூட்டிப்போனோம். நாடா வெட்டினார். அதிபர் பூட்டைத் திறந்து, திறப்பை என் கையில் தந்து, கேற்றைத் தள்ளினார்.

சிவரூபன் மாபிள் மேடையில் ஏறினார். நிறுவனத்தின் பக்கத்தில் போடத் தானே ஒரு படம் எடுக்க வேண்டும் என்று போனைத் தேடினார். போன் சட்டைப் பையில், பைக்கு மேல் நான்கு மாலை, இரண்டு கையும் நிறையச் சாமான். சுற்றிப் பார்த்தார். மேசை எல்லாம் சிற்றுண்டிக்குப் போயிருந்தது. மனிதர் யோசிக்கவில்லை. கேடயத்தை, படத்தை, குட்டானை, மாவை, மலரை, மாலைகளைக் கழற்றி அவற்றையும், எல்லாவற்றையும் தோளுயரத்தில் நின்ற அந்தக் கல்லின் மேல் இறக்கிவைத்தார். “அப்பாடா,” என்றார். அவருடைய கழுத்துப்பட்டியில் மைக் இருந்தது. அந்த அப்பாடா நான்கு ஒலிபெருக்கியாலும் ஊர் முழுக்கக் கேட்டது.

பிள்ளைகள் சிரித்தார்கள். அதிபர் பாய்ந்து, ‘பொருட்கள் வைக்காதீர்கள்’ பலகையைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். நான் எதிரே பார்த்தேன். ஏரம்பர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்ததை எனக்குத் தாங்க முடியவில்லை. நான் பயந்த சுபாவம். பன்னிரண்டு வருடச் சேவையில் அதிபர் கிழித்த கோட்டை ஒருநாளும் தாண்டாதவள். அன்று பாண்ட் வாத்தியக்காரரை விலக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன்.

“வாங்கோ ஐயா,” என்றேன். “கேற் திறந்திருக்கு.”

அவர் வந்தார். பிள்ளைகள் வழிவிட்டார்கள். செருப்பைக் கேற் வாசலில் கழற்றிவிட்டு மேடையில் ஏறி, கேடயத்துக்கும் குட்டானுக்கும் நடுவில், தோளை மெல்லச் சரித்து மூட்டையை இறக்கினார். அரிசி சரசரத்து அமர்ந்தது. ஒரு கையைக் கல்லில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அவ்வளவுதான். அதிபர் தலையைக் குனிந்துகொண்டார். மனிதருக்கு எல்லாம் தெரியும், அதுதான் பாவம்.

சிவரூபனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அற்புதமான செய்முறை விளக்கம், நிகழ்ச்சி நிரலில் போடவே இல்லையே என்று என் கையைக் குலுக்கினார். நான்கு பக்கமும் நின்று படம் எடுத்தார். பிறகு மைக்கைக் கழற்றி ஏரம்பரின் வாய்க்கு நேரே நீட்டினார்.

“ஐயா, அந்தக் காலத்திலை ஆக்கள் இப்பிடித்தான் வைக்கிறவையோ?”

ஏரம்பர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒலிபெருக்கி இரைந்துகொண்டு நின்றது. இப்போது சொல்லிவிடுவார், எல்லாம் வெளிவந்துவிடும் என்று நான் பயந்தேன். சொல்லட்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

“ஓம் ஐயா. இப்பிடித்தான்,” என்றார். “ஆனால் நீங்கள்தான் இண்டைக்கு முதல் வைச்சது. உங்களுக்குப் புண்ணியம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். சிவரூபன் கும்பிட்டார்.

விழா மலரின் இரண்டாம் பதிப்பு மார்கழியில் வந்தது. அட்டையில் ஏரம்பரின் படம், கண் மூடி, கை கல்லில். கீழே: ‘ஒல்லாந்தர் காலச் சுமைதாங்கியின் பயன்பாட்டை நடித்துக் காட்டும் கிராமவாசி.’ அதை வாசித்துவிட்டு ஆசிரியர் அறையில் இருந்து அழுதேன். கேட்டவர்களிடம் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று சொன்னேன். தவணைப் பரீட்சையில் கல்லின் காலம் கேட்கப்பட்டது. முப்பத்தொரு பேர் ஒல்லாந்தர் என்று எழுதினார்கள். மதுரா மட்டும், ‘கடைக்காரரிடம் கேட்டேன். 1997. கட்டியவர் ஏரம்பு. பத்மாசினிக்காக’ என்று எழுதியிருந்தாள். அவளுக்கும் புள்ளி போட்டேன், மற்ற முப்பத்தொரு பேருக்கும் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. புள்ளியிடும் திட்டமும் கொழும்பிலிருந்துதான் வந்தது.

ஆனால் ஒரு காரியம் என் கைக்குள் இருந்தது. விழா அன்று பின்னேரம் ஆமைப்பூட்டையும் திறப்பையும் என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன்: கேற்றின் பூட்டு பழுதடைந்துவிட்டது, புதிய பூட்டுக்கு அனுமதி தந்து உதவவும். அதிபர் கடிதத்தைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்து மேலே அனுப்பினார். மேலே உள்ளவர்கள் மூன்று விலைமனு கேட்டார்கள். மூன்றும் அனுப்பினேன். பூட்டுக்கான படிவத்தில் சின்னத்தின் காலம் குறிப்பிடப்படவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரியான காலத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், உறுதிப்படுத்தியதும் அனுப்புவோம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.

அந்த ஆராய்ச்சி நான் ஓய்வுபெறும்வரை முடியாது. காலையில் பஸ்ஸால் இறங்கி வரும்போது கேற் அகலத் திறந்து கிடக்கும். கல்லில் புல்லுக்கட்டு இருக்கும், இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய வாழைக்குலை. மாபிளில் நிறையக் கீறல். அமரர் பஞ்சலிங்கத்தின் படத்தில் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தைக் காணவில்லை. பிள்ளைகளின் அறுபது அப்பியாசக் கொப்பி கிடக்கிற என் பையை நானும் ஒரு நிமிடம் அதில் இறக்கிவைத்துவிட்டுத்தான் பாடசாலைக்குள் போகிறேன்.